மலையேறும் கடற்கரையார்

மரக்காணத்து உப்பளங்களுக்குத் தெற்கே இடையஞ்சாவடியிற் பிறந்த யான் லடாக்கு நாட்டைக் குறித்து எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பைத் தரலாம். காரணம் உண்டு. எம்மூர் இளைஞர் சிலர் சென்ற ஆண்டு விமானமேறி லே நகரை அடைந்து, மறுநாளே மோட்டார் சைக்கிளில் கர்துங் லா கணவாய்க்குச் சென்றனர். அவருள் ஒருவன் மூச்சுத் திணறி அரைநினைவோடு கீழே கொணரப்பட்டான். "அவ்வூர்க் கிழவியரும் சுமையோடு நடக்கின்றனர், நமக்கு உடலுறுதி போதாது" என்பது திரும்பிவந்தோர் முடிபு. இம்முடிபு பிழையென்பதே என் கருத்து.

கடல்மட்டத்திலிருந்து 3,500 மீட்டர் உயர்ந்த லேயில், ஒரு மூச்சில் நமக்குக் கிட்டும் பிராணவாயு இங்குள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. 17,000 அடிக்கு மேற்பட்ட அக்கணவாயிலோ பாதியளவே. அங்கே சில வாரம் தங்கின், நம் உடல் சிவப்பணுக்களைப் பெருக்கிக்கொள்ளும். அவை மிகுந்தால் குருதி தடித்து இதயத்துக்குச் சுமையாகும். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையார் பலர்க்கு இந்நிலையே நோயாக முடிகின்றது.

லடாக்கியர்க்கு உறவினரான திபெத்தியர் குருதியோ, அத்துணை உயரத்திலும் அவ்வாறு தடிப்பதில்லை. இதற்குரிய மரபணுக்களுள் தலையாயது இ.பி.ஏ.எஸ்.1 என்பதென 2010-ஆம் ஆண்டு ஆராய்ச்சிகள் காட்டின. அதன் திபெத்திய வடிவம், அழிந்துபோன டெனிசோவர் என்னும் பழைய மாந்தரிடமிருந்து வந்ததென 2014-இல் வெளியாயிற்று. சைபீரியக் குகையொன்றில் கிடைத்த விரலெலும்புத் துண்டால் உலகம் அறிந்த மாந்தர் அவர்! நம் மூதாதையர் யாவரெனப் பெருமை பேசுவோர் இதனைச் சற்றே எண்ணுக.

இத்தகைய மரபு பயிற்சியால் வருவதன்று. பிராணவாயு குறைந்தவிடத்தே கருவிலுள்ள மகவு நன்கு வளராது, எடை குறைந்து பிறக்கும், பல மடியும். தாங்கவல்ல குருதி வாய்த்தவரின் மக்களே மிகுதியாய்ப் பிழைத்தனர். தலைமுறை தலைமுறையாய்த் தாயர் பலர் தம் மகவுகளை இழந்தே இப்பேறு அக்குலத்தில் நிலைத்தது. அதனை இரண்டு மாதத் தண்டாலால் ஈட்டலாமென்பது பேதைமை. மேலான சாதிக்கு இஃதோர் அடையாளமென்பதும் அத்தகையதே.

கட்டுடல் படைத்தவனையும் மலைநோய் விடாது. நம் படைவீரரையுங்கூட நாட்கணக்கில் தங்கவைத்தே படிப்படியாய் மேலேற்றுகின்றனர். தலைவலியும் குமட்டலும் தோன்றின் ஏறுவதை நிறுத்தல் வேண்டும். மிகுந்தால் உடனே இறங்கல் வேண்டும். இதில் நாணுதற்கு ஒன்றுமில்லை.

அவ்விளைஞர் மீண்டும் செல்லவிருப்பதாகக் கேள்வி. முதலிரு நாளும் லேயில் வாளா இருங்கள் என்றேன். நோயுற்று மீண்டவன் மட்டும் தலையசைத்தான்; ஏனையோர் விடுமுறை போதாதென்றனர்.