ஜாதகக் கட்டு இருக்கிறது, நோய்க் கணக்கு எங்கே?

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் கணக்கு எழுதுவதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. மொய்ப்பண ஏடு, சீர் சாமான் பட்டியல், ஐந்தொகை என்று பாட்டன் காலத்தவை முதல் பத்திரமாய் இருக்கின்றன. ஆனால் அப்பத்தா எந்த வியாதியால், எந்த வயதில் செத்தாள் என்று கேட்டால் மாத்திரம், "ஏதோ வயிற்றுக் கட்டி, அவள் தலைவிதி" என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. எழுதாமல் விட்ட இந்த ஒரு கணக்கின் நஷ்டத்தைப் பேத்திமார் உயிரால் கட்ட நேரிடுகிறது.

புற்றுநோய் ஒட்டுவாரொட்டி அல்ல. பெரும்பாலும் அது பரம்பரையாய் வருவதும் அல்ல. நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கே பிறப்பில் வந்த மரபணுக் கோளாறு காரணமாகிறது. மார்பு, சினைப்பைப் புற்றோடு சம்பந்தப்பட்ட பி.ஆர்.சி.ஏ. 1 என்னும் மரபணு 1994-லும், பி.ஆர்.சி.ஏ. 2 என்பது 1995-லும் கண்டுபிடிக்கப்பட்டன. பெற்றோரில் ஒருவருக்கு இக்கோளாறு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரச் சரிபாதி இடமுண்டு. ஆணும் அதைச் சுமப்பான்; தான் நோயில்லாமலே இருந்து மகளுக்குக் கொடுத்துவிடலாம். ஆகவே, எல்லாம் தாய்வழி வந்த தோஷமென்று மருமகளை ஏசுகிறவர்கள் தங்கள் மகன் வழியையும் எண்ணிப் பார்க்கட்டும்.

நிற்க, நோய் கண்டவர்கள் அதை ஏன் மறைக்கிறார்கள்? வெளியே தெரிந்தால் வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காதென்ற பயமே காரணம். பத்துப் பொருத்தம் பார்க்கும் ஜோசியனுக்குத் தட்சணை கொடுப்பவர்கள், டாக்டரிடம் உண்மையைச் சொல்லக் கூசுகிறார்கள். மறைத்தால் மரபணு மறைந்துவிடுமா? தங்கையும் மகளும் முன்னதாகப் பரிசோதித்துப் பிழைக்கும் வழியல்லவா மறைகிறது! டாக்டர் நோயாளியின் ரகசியத்தை உறவினர் வீடு தோறும் போய்ச் சொல்ல முடியாது. சொல்ல வேண்டியவர் நோயாளியே.

பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி அம்மையார், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அதை அவர் வெட்கமென்று மூடி வைக்கவில்லை. 1954-ல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியையே ஏற்படுத்தினார்.

ஆகையால் நாம் சொல்வது இதுதான்: தகப்பன் வழி, தாய் வழி இரண்டிலும் யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் புற்று வந்ததென்று ஒரு தாளில் எழுதுங்கள். 50 வயதுக்குள் மார்பில் வந்திருந்தாலும், சினைப்பையில் வந்திருந்தாலும், ஒரே வழியில் பலருக்கு வந்திருந்தாலும், மரபணுப் பரிசோதனை வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள். கூடுமானவரை நோய் கண்டவருக்கே முதலில் சோதிப்பது முறை. அவரிடம் கோளாறு தெரிந்தால், பிறகு இரத்த உறவினர் சோதித்துக்கொள்ளலாம். கோளாறு இருப்பதாலேயே நோய் நிச்சயமென்று அர்த்தமில்லை. அடிக்கடி பரிசோதிக்கவும், முன்னதாகவே சிகிச்சை செய்துகொள்ளவும் வழியிருக்கிறது. இதைக் காரணம் காட்டி ஒரு பெண்ணை வேண்டாமென்று தள்ளுவது, ஜாதகத்தைக் காட்டித் தள்ளுவதைப் போன்ற அயோக்கியத்தனமேயாகும்.

விதி என்று சொல்லி வாயை மூடிக்கொள்வது பெண் மக்களுக்குச் செய்யும் துரோகம். நோய் கண்டவர்கள் இன்றே தங்கள் உடன்பிறந்தாரையும் பிள்ளைகளையும் கூப்பிட்டுச் சொல்லுவார்களாக.