சாட்டையைக் கீழே வைத்துவிட்டுப் புல்லை எடுங்கள்

காணும் பொங்கல் நெருங்கினால் என் பேரன் தவறாமல் கேட்பான்: "தாத்தா, ரேக்ளா பார்க்கப் போகலாமா?" திருக்கடையூருக்கும் தரங்கம்பாடிக்கும் இடையே மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் பாயும் பந்தயம் அது. அந்தப் பக்கமெல்லாம் தஞ்சாவூர் ஜில்லாவாக இருந்த காலத்து ஆள் நான். 1991-ல் நாகப்பட்டினம் மாவட்டமாயிற்று, 2020-ல் மயிலாடுதுறை மாவட்டமாயிற்று. ஜனங்களின் ஆசை மட்டும் மாறவில்லை. எனக்கும்தான்.

ஆனால் சில வருஷங்களுக்கு முன் வேறோர் ஊர்ப் பந்தயத்தில் பார்த்தது இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. ஊர்ப்பெயர் வேண்டாம். நல்ல சிவப்புக் குதிரை. கிளம்பும் இடத்திலேயே உடம்பெல்லாம் வியர்த்து, காதைப் பின்னால் மடக்கி, நிலைகொள்ளாமல் துள்ளியது. பக்கத்தில் பறைமேளம், பின்னால் மோட்டார் சைக்கிள் ஹார்ன். "சூடு ஏறியிருக்கு, இன்னிக்கு ஜெயிச்சிடும்" என்றார் ஒருவர். யாரோ சரவெடி கொளுத்தினார்கள். குதிரை சாலையை விட்டுக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஏர்க்கால் முறிந்தது, ஒரு பையனின் காலும் முறிந்தது. ஜனங்கள் குதிரையைத்தான் திட்டினார்கள்.

அன்றைக்குக் கும்பகோணம் ஜட்கா பாய்தான் என் நினைவுக்கு வந்தார். அறுபதுகளில் ஸ்டேஷனிலிருந்து எங்களை வீட்டுக்கு அழைத்து வருபவர். அவர் புதிதாக வாங்கிய குதிரைக்கு ரயில் ஊதல் என்றால் குலை நடுக்கம். ஜட்காக் குதிரை ரயிலுக்குப் பயந்தால் பிழைப்பு என்ன ஆவது? பாய் அதை அடிக்கவில்லை. தினமும் சாயங்காலம் ஒரு கட்டு அருகம்புல்லோடு ரயில்வே கேட்டுக்குத் தொலைவில் கொண்டுபோய் நிறுத்துவார். அது நிம்மதியாக மேய்ந்தால் மறுநாள் பத்தடி முன்னால். மிரண்டால் பத்தடி பின்னால். இரண்டு மாதத்தில் எஞ்சின் பக்கத்திலேயே நின்று புல் தின்றது.

"பயத்தை அடிச்சு வெரட்ட முடியாது தம்பி. அடிச்சா, சத்தத்தோட அடியும் சேர்ந்து பயம் ரெண்டாயிடும்" என்பார்.

அவர் எந்தப் புத்தகமும் படித்தவரல்ல. இன்றைக்குக் குதிரைப் பயிற்சியாளர்கள் சொல்வதும் இதையேதான். குதிரை ஓடிப் பிழைக்கும் பிராணி. கொம்பு இல்லை, கூரிய நகம் இல்லை. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் மூக்குக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் தவிர ஏறக்குறைய எல்லாத் திசையும் தெரியும். ஆகவே எங்கே எது அசைந்தாலும் அதற்கு ஆபத்துதான். கண்பட்டை கட்டுவது அதனால்தான். ஆனால் காதுக்குப் பட்டை கிடையாதே!

வயிற்றையும் கவனிக்க வேண்டும். குதிரையின் இரைப்பை சிறியது. அமிலம் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கும். நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேய்வதற்கென்றே அமைந்த உடம்பு. பந்தயம் வருகிறதென்று புல்லைக் குறைத்துக் கொள்ளைக் கொட்டினால் வயிற்றில் புண், சுபாவத்தில் சிடுசிடுப்பு. அதைத்தான் நாம் "வீரியம்" என்று மெச்சிக்கொள்கிறோம்.

பிடரி முடியும் தோள் மேட்டில் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்வது குதிரைகளின் வழக்கம். அந்த இடத்தில் மனிதக் கை சொறிந்து கொடுத்தாலும் இதயத் துடிப்பு குறைகிறது என்று பிரான்ஸ் நாட்டுக் காமார்க் குதிரைகளை வைத்து 1993-ல் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். பாய் வண்டி பூட்டுமுன் தினமும் சொறிந்து கொடுத்த இடம் அதுவே.

"ஊசி போட்டால் அடங்கிவிடுமே" என்பவர்களும் உண்டு. சர்வதேசக் குதிரையேற்றப் போட்டிகளில் மயக்க மருந்துக்குத் தடை இருக்கிறது. நம் நாட்டிலும் 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டப்படி விலங்கை அடிப்பதும், சக்திக்கு மீறி ஓட்டுவதும், கெடுதலான மருந்து கொடுப்பதும் குற்றம். சட்டம் கிடக்கட்டும். மருந்தில் கால் தடுமாறும் குதிரை பாய்ந்தால் வண்டியில் இருப்பவர் கதி என்ன?

குதிரை சாஸ்திரம் நமக்குப் புதிதல்ல. நகுலன் பெயரில் வழங்கும் அச்வ சாஸ்திரத்தைத் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம் 1952-லேயே வண்ணப் படங்களோடு அச்சிட்டது. அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் நாம்.

பந்தயமே கூடாது என்று நான் சொல்லவில்லை. விழாக் கமிட்டிக்காரர்களுக்குச் சில வேண்டுகோள்கள்தான். கிளம்பும் இடத்தில் வெடியும் மேளமும் வேண்டாம். வண்டிகளின் பின்னால் மோட்டார் சைக்கிளை விடாதீர்கள். வியர்த்து நடுங்கும் குதிரையைக் கால்நடை மருத்துவர் பார்த்து, அந்தச் சுற்றிலிருந்து விலக்கட்டும். வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: தைப் பந்தயத்துக்கு ஐப்பசியிலேயே பழக்கத் தொடங்குங்கள். தினம் பார்க்கும் ஆளே அன்றும் பிடிக்கட்டும். பழகிய துணைக் குதிரை பக்கத்தில் நிற்கட்டும். முன்கூட்டியே வந்து, நிழலில் புல் போட்டு, மெதுவாக நடக்க விடுங்கள்.

பயந்து ஓடும் குதிரைக்கு வழி தெரியாது. தெம்பாக ஓடும் குதிரைதான் சாரதியின் கைக்குக் கட்டுப்படும், பந்தயத்தையும் ஜெயிக்கும்.

வரும் தையில் பேரனைக் கூட்டிப் போவேன். எது முதலில் வந்தது என்று அவன் பார்க்கட்டும். எது நடுங்காமல் நிற்கிறது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.