இணைந்தது என்று சொல்லாதீர்கள்

"பெண்கள் கல்லூரியெல்லாம் பழைய காலத்து விஷயம் சார். ஆண்கள் கல்லூரிகளே கதவைத் திறந்து விட்டாச்சு, இனி எதுக்கு?" இப்படிப் பேசும் நாகரிகவான்களுக்காகவே இந்தப் பதிவு. சிகாகோவில் இருந்த மண்டலைன் கல்லூரியின் கதை.

1929 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச்சந்தை குப்புற விழுந்தது. அடுத்த சில நாட்களிலேயே, நவம்பர் 1 அன்று, மிச்சிகன் ஏரிக்கரையில் கட்டிட வேலையைத் தொடங்கினார்கள் பி.வி.எம். சபைக் கன்னியாஸ்திரிகள். 1930-ல் வானளாவிய கட்டிடம் ஒன்றில் பெண்களுக்கான கல்லூரி திறந்தாகிவிட்டது. வேண்டும் என்று கேட்டவர் கர்தினால் மண்டலைன். கடனைச் சுமந்தவர்கள் கன்னியாஸ்திரிகள். பெயர் மட்டும் கர்தினாலுக்கு!

1957 முதல் 1975 வரை கல்லூரித் தலைவர் சகோதரி ஆன் ஐடா கானன். 1965-ல் கறுப்பின மக்களின் ஓட்டுரிமைக்காக நடந்த செல்மா பேரணிக்கு இங்கிருந்து கன்னியாஸ்திரிகளும் மாணவிகளும் போனார்கள். வேலைக்குப் போகிறவர்களும் பட்டம் வாங்கட்டும் என்று 1974-ல் வார இறுதிக் கல்லூரி தொடங்கினார்கள். பழம்பஞ்சாங்கம் செய்கிற காரியமா இதெல்லாம்?

1991-ல் பக்கத்திலேயே இருந்த, இயேசு சபையினரின் லயோலா பல்கலைக்கழகத்தோடு (நம்ம சென்னை லயோலா இல்லை) கல்லூரி 'இணைந்தது'. பணமுடை உண்மை. துறவறம் பூண வரும் பெண்கள் குறைந்ததும் உண்மை. மறுக்கவில்லை. ஆனால் இரண்டு கல்லூரிகள் சேர்ந்து ஒன்று தனித்தன்மையை இழந்தால் அதற்குப் பெயர் இணைப்பா? விழுங்கல் என்று சொல்லுங்கள்.

மாணவிகளுக்கு இடம் கிடைத்துவிட்டதே என்பீர்கள். கிடைத்தது, வகுப்பறையில். தலைவர் அறையில்? லயோலாவுக்கு முதல் பெண் தலைவர் வந்தது 2016-ல். எண்ணிப் பாருங்கள், 25 வருடம்! மண்டலைனிலோ 1930-ல் முதல் தலைவரே ஒரு பெண்தான்.

பெண்கள் கல்லூரி என்பது பெண்கள் படிக்கிற இடம் மட்டுமில்லை ஐயா. பெண்கள் கடன் வாங்கி, கட்டிடம் கட்டி, கணக்குப் பார்த்து, முடிவெடுத்த இடம். கதவைத் திறந்துவிட்டோம் என்று பெருமைப்படுகிறவர்களிடம் கேட்க ஒரே கேள்விதான் இருக்கிறது: சாவி யார் கையில்?

நம்மூர்ப் பெண்கள் கல்லூரிகளைப் பார்த்து "இனி எதுக்கு?" என்று கேட்பவர்களும் இதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போகட்டும்.