லயன் வாசலை எட்டாத எச்சரிக்கை

ஹட்டனுக்கும் வட்டவளைக்கும் மழை புதிதன்று. ஒரு நாளில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 பெய்தால் ஆயத்தம், 150 பெய்தால் வெளியேற்றம் என்று மண்சரிவுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வரம்பு வகுத்திருக்கிறது. நல்ல கணக்குத்தான். ஆனால், அது கொழும்பிலிருந்து புறப்பட்டு லயன் வாசலை அடைவது எப்போது, எந்த மொழியில், யார் வாயிலாக?

கொஸ்லந்தை மீரியபெத்தையை எவரும் மறந்திருக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் அத்தோட்டத்து லயன்கள் மண்ணுள் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானதென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கோப்பில் கிடந்தது. மக்கள் லயனில் கிடந்தனர். குடியேற ஒரு துண்டு நிலமும் காட்டாமல் “எழுந்து போங்கள்” என்பது என்ன எச்சரிக்கை? மாண்டோர் தொகையைக்கூட எவராலும் உடன் சொல்ல இயலவில்லை. நூற்றுக்கணக்கில் என்றார்கள், பின்னர் அது நாற்பதுக்கும் கீழே இறங்கிற்று. லயனில் வாழ்வோர் பெயர்ப்பட்டியல் அதிகாரிகள் கையில் ஆயத்தமாக இருந்திருப்பின் இக்குழப்பம் நேர்ந்திராது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்தபோதும், தமிழில் அறிவித்தல் உரிய வேளையில் கிட்டவில்லை என்ற முறைப்பாடே எழுந்தது. தமிழ் 1987 முதல் இந்நாட்டின் அரசகரும மொழி என்பதை யாருக்கு நினைவூட்டுவது?

நோயின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. தோட்ட நிலம் பெரும்பாலும் அரசினது. 1992 முதல் நிர்வாகம் கம்பெனிகளினது. தோட்டத்துக்குள் பிரதேச சபை பணம் செலவிடுவதற்கிருந்த சட்டத்தடை 2018இல்தான் நீங்கிற்று. ஆகவே, மலை சரியும்போது உத்தியோகத்தர் துரையைச் சுட்டுகிறார். துரை செயலகத்தைச் சுட்டுகிறார். (மழை இருவரையும் கேட்டுப் பெய்வதில்லை!)

நாம் கேட்பது பெரிய திட்டமன்று. ஒவ்வொரு தோட்டப் பிரிவுக்கும் பொறுப்பாளர் ஒருவரை அரசு பெயர் குறித்து நியமிக்கட்டும். மழை 100 மில்லிமீற்றரைத் தொட்டதும், முன்கூட்டியே தேர்ந்து வைத்த பாடசாலையையோ கோவில் மண்டபத்தையோ திறக்கும் அதிகாரம் அவருக்கு இருக்கட்டும். எச்சரிக்கை கேட்டு மலையை விட்டிறங்கிய தொழிலாளிக்கு அன்றைய பேர் வெட்டப்படலாகாது. நாட்சம்பளம் போய்விடுமே என்ற அச்சம் ஒருவரைச் சரிவின் கீழ் நிறுத்திவைக்கும் என்பதைக் கொழுந்துக் கூடை சுமந்தோர் அறிவர். சட்டம் வரைவோரும் அறியவேண்டும்.

தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் தொடங்கும். அதற்குமுன் அப்பொறுப்பாளர் பட்டியலை மாவட்டச் செயலகம் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு, ஒவ்வொரு கொழுந்து மடுவத்திலும் ஒட்டவேண்டும்.