ஒளி கூசும் கண்ணும் நமது கடமையும்

கொச்சி மட்டாஞ்சேரியில், ஜூ டவுன் தெருவின் நண்பகல் வெயிலில் நடந்து வந்து, 1568-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட யூதர் தேவாலயத்தினுள் நுழைபவர் முதலிற் சற்றே தடுமாறுவார். கண்ணிலுள்ள ஐரிஸ் என்னும் நிறத்திரை உடனே பின்வாங்கிப் பாவையை அகலமாக்குகிறது. வெளியே வந்ததும் அதே திரை பாவையைச் சுருக்குகிறது. பாவையின் குறுக்களவு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் முதல் 8 மில்லிமீட்டர் வரை மாறக்கூடியது. அதாவது, உட்புகும் ஒளி பதினாறு மடங்கு வரை வேறுபடும்.

கிட்டிப்புள்ளோ, பட்டாசோ, உளியிலிருந்து தெறித்த இரும்புத்துண்டோ தாக்கி ஐரிஸ் கிழியுமாயின், இவ்வேற்பாடு குலைந்துவிடுகிறது. தோற்காயம் தானே கூடும். ஐரிஸின் கிழிந்த விளிம்புகள் அவ்வாறு கூடுவதில்லை. ஆதலின் காயம் ஆறிய பின்னரும் வெயிற் கூச்சமும், சிலருக்கு ஒரு கண்ணிலேயே இரட்டைத் தோற்றமும் நிலைத்துவிடுகின்றன.

இத்தகையோரை நாம் சரிவரக் கவனிப்பதில்லை என்பதே என் கருத்து. எழுத்து அட்டையைப் படித்துவிட்ட மாணவனைக் குறையற்றவன் எனக் குறித்துக்கொள்கிறோம். நிழலில் தொங்கும் அட்டை வெயிலில் அவன் படும் துன்பத்தைக் காட்டாது. கண்ணில் அடிபட்டவர் எவராயினும், இரு பாவைகளும் வட்டமாகவும் சமமாகவும் உள்ளனவா, கைவிளக்கின் ஒளியில் ஒருங்கே சுருங்குகின்றனவா என்று பார்த்தல் வேண்டும். இதற்கு ஒரு நிமிடம் போதும்.

குறை கண்டால் செய்வதற்கு வழியுமுண்டு. ஐரிஸைக் கண்ணுக்குள்ளேயே தைக்கும் முறையொன்றை மக்கேனல் 1976-இல் வெளியிட்டார். கண்ணைப் பெரிதாகத் திறவாமலே முடிச்சை உள்ளே நழுவவிடும் முறையைச் சீப்சர் 1994-இல் விவரித்தார். நம் நாட்டினரான பிரியா நாரங்கும் சென்னை அமர் அகர்வாலும் 2017-இல், ஊசியை ஒரே முறை செலுத்தி, நூலை நான்கு சுற்றுச் சுற்றி இறுக்கும் எளிய முறையை வெளியிட்டனர். கரையாத பாலிபுரோப்பிலீன் நூலே இதற்கு ஏற்றது. தானே கூடாத திரையை நூல்தான் என்றும் பிடித்து நிற்க வேண்டும்.

எனினும் மிகையான நம்பிக்கை ஊட்டலாகாது. தைத்த பாவை முன்போல் விரிந்து சுருங்காது. கூச்சம் குறையும், அவ்வளவே. ஐரிஸின் பெரும்பகுதி அழிந்திருப்பின் தையல் பயன்படாது. செயற்கை ஐரிஸ் தேவைப்படலாம். சிறு குறைக்கு நிறக்கண்ணாடியே போதுமானது. எது தகும் என்பதைக் கண் மருத்துவரே முடிவு செய்வார். அவரிடம் அனுப்புவது நம் பொறுப்பு.

அடிபட்ட அன்று செய்ய வேண்டுவது வேறு. கண் கிழிந்திருக்கக்கூடுமெனத் தோன்றினால் அதனை அழுத்தலாகாது, கழுவலாகாது, பச்சிலைச் சாறோ தாய்ப்பாலோ விடலாகாது, தைத்திருக்கும் பொருளைப் பிடுங்கலாகாது. கண்ணில் படாதவாறு ஒரு காகிதக் குவளையின் அடிப்பாகத்தை மேலே கவிழ்த்துக் கட்டி, அன்றே மருத்துவமனைக்கு அனுப்புக. பலத்த அடிபட்ட கண்ணில் பல ஆண்டுகள் கழித்தும் கண்ணழுத்த நோய் தோன்றக்கூடுமாதலால், ஆண்டுதோறும் அழுத்தத்தை அளந்து பார்த்தல் நன்று.

வெயிலில் கண்ணை இடுக்கிக்கொள்ளும் சிறுவனைச் சோம்பேறி என்று கடிந்துகொள்ளுமுன், அவன் பாவையை ஒருமுறை உற்று நோக்குவோமாக.