ஆய்வாளர்க்குக் கணக்கும் கணிப்பொறியும்

முனைவர் பட்டம் என்பது ஒரு துறையின் ஆழத்தைக் கண்டவர்க்கு வழங்கப்பெறும் சிறப்பாகும். ஆழம் தேடுவோர் அகலத்தை இழப்பது இயல்பே என்று நெடுங்காலமாகக் கருதி வந்தோம். இன்றோ உயிரியல், வேதியியல், பொருளியல், மொழியியல் என எத்துறையை எடுத்துக்கொண்டாலும் ஆய்வாளரின் மேசைமீது கணிப்பொறி வீற்றிருக்கிறது. அது தரும் விடையை அவர் தம் ஆய்வேட்டில் எழுதிக் கையொப்பமிடுகிறார். அவ்விடை எவ்வாறு பிறந்தது என்பதை அவர் அறிவாரா? இதுவே நம் முன்னுள்ள வினா.

இவ்வினாவுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில கண்ட விடைதான் முனைவர் பட்ட மாணவர்க்கான துணைப்பாடத் திட்டம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வேறு துறையில் ஆய்வு செய்யும் மாணவர், கணிப்பொறியியலையோ கணக்கீட்டு கணிதப் பொறியியலையோ துணைப்பாடமாகக் கொள்ளலாம். அதற்குக் குறைந்தது 20 அலகுகள் பயில வேண்டும். விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் துறைக்கு அப்பாற்பட்ட அகலப் பயிற்சி முனைவர் பட்டத்தின் ஓர் அங்கமாகவே வைக்கப்பட்டுள்ளது. அமெரிக்க எரிசக்தித் துறை 1991-இல் தொடங்கிய கணக்கீட்டு அறிவியல் ஆய்வு உதவித்தொகையோ, தன் துறை, பயன்பாட்டுக் கணிதம், கணிப்பொறியியல் ஆகிய மூன்றிலும் பாடங்கள் பயிலுமாறு மாணவரைப் பணிக்கிறது. எண்ணியல் பகுப்பாய்வு, நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, நிரலாக்கம் போன்றவையே இத்தகைய பாடங்களின் உள்ளீடு.

இவை எதற்கு, ஆயத்த மென்பொருள்கள் இருக்கின்றனவே என்பர் சிலர். அவர்களுக்கு வரலாறே விடை கூறும்.

1991-ஆம் ஆண்டு பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில், பாதுகாப்புக்கென நிறுத்தப்பட்டிருந்த பேட்ரியட் ஏவுகணை அமைப்பு, பாய்ந்து வந்த ஸ்கட் ஏவுகணையைத் தடுக்கத் தவறியது. அமெரிக்கப் படைவீரர் 28 பேர் மாண்டனர். அவ்வமைப்பின் கடிகாரம் நொடியைப் பத்தாகப் பகுத்து எண்ணியது. பத்தில் ஒன்று என்னும் பின்னம் கணிப்பொறியின் இரும எண்முறையில் முடிவின்றி நீள்வது. அதனை 24 இலக்கங்களில் நறுக்கி வைத்திருந்தனர். ஏறத்தாழ 100 மணி நேரம் இடைவிடாது இயங்கியபின் அச்சிறு பிழை 0.34 நொடியாக வளர்ந்துவிட்டது. எண்ணியல் பகுப்பாய்வின் முதற்பாடமே இத்தகைய நறுக்குப் பிழையைப் பற்றியதுதான்.

இன்னொன்று பொருளியலைச் சார்ந்தது. கடன்சுமை மிகுந்த நாடுகளின் வளர்ச்சி குன்றும் என்று 2010-இல் பெயர்பெற்ற பொருளியலர் இருவர் எழுதிய கட்டுரை, பல அரசுகளின் சிக்கனக் கொள்கைக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. மாசசூசெட்ஸ் ஆம்ஹர்ஸ்ட் பல்கலைக்கழக முனைவர் பட்ட மாணவர் தாமஸ் ஹெர்ன்டன், வகுப்புப் பயிற்சிக்காக அக்கணக்கை மீண்டும் செய்து பார்த்தார். விரிதாளின் வாய்ப்பாட்டில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. தரவுகளைத் தேர்ந்த முறையிலும் சராசரி கண்ட முறையிலும் குறைகள் இருந்தன. 2013-இல் அவரும் அவர்தம் ஆசிரியர் இருவரும் அவற்றைத் திருத்தி வெளியிட்டபோது, குறை 0.1 விழுக்காடு என்றிருந்த சராசரி வளர்ச்சி 2.2 விழுக்காடாக மாறியது. அறிஞர் உலகம் காணாததை ஒரு பாடப்பயிற்சி கண்டது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிழை தவிர்ப்பது மட்டுமன்று, புதியன காண்பதற்கும் இவ்வறிவு வேண்டும். உடலின் உட்பகுதியைப் படமெடுக்கும் சி.டி. ஸ்கேன் கருவிக்கு அடிப்படையான கணக்கை, இயற்பியலர் ஆலன் கார்மாக் தாமே முயன்று தீர்த்து 1963, 1964-ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். 1979-இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் அக்கணக்கை யோஹான் ராடன் என்னும் கணித அறிஞர் 1917-இலேயே தீர்த்து வைத்திருந்தார். கார்மாக் அதனைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தார். துறைகளுக்கிடையே எழுப்பிய சுவர் எத்துணை உழைப்பை விழுங்கிவிடுகிறது!

துணைப்பாடம் ஆய்வுக்குரிய காலத்தைத் தின்றுவிடும் என நெறியாளர் சிலர் அஞ்சுவர். அவ்வச்சத்தில் பொருளுண்டு, மாணவரின் ஆண்டுகளும் உதவித்தொகையும் வரம்புடையவை. ஆதலின் இப்பாடங்கள் கூடுதற் சுமையாக அமையாமல், பட்டத்திற்குரிய அலகுகளுக்குள்ளேயே கணக்கிடப்பட வேண்டும் என்பது நம் கருத்து. கணித வல்லுநரைத் துணைக்கு அழைத்துக்கொண்டால் போதாதா என்பாரும் உளர். அழைக்கலாம், ஆனால் தம் ஐயத்தை அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லத் தெரியாதவர் அவர் தரும் விடையை எவ்வாறு மதிப்பிடுவார்? இன்று செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறது. அதனால் கற்கவேண்டிய தேவை குறையவில்லை, மிகுந்திருக்கிறது. நிரலை எவர் எழுதினும் பிழைக்குப் பொறுப்பு ஆய்வேட்டில் பெயர் பொறித்தவருக்கே உரியது.

அதேவேளையில், துணைப்பாடம் என்பது பட்டத்தோடு ஒட்டும் அணிகலனாகச் சுருங்கிவிடலாகாது. இருநாள் பயிலரங்கச் சான்றிதழ் இதற்கு ஈடாகாது. தேர்வு இருக்க வேண்டும். கற்றது ஆய்வேட்டின் ஓர் இயலிலேனும் பயன்பட்டிருக்க வேண்டும். வாய்மொழித் தேர்வில் துணைப்பாடத் துறையின் ஆசிரியர் ஒருவர் அமர்ந்து வினவ வேண்டும். இம்மூன்றும் இல்லையேல் பெயர் மட்டுமே எஞ்சும்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்தே 'அல்காரிதம்' என்னும் சொல் பிறந்தது. இயற்கணிதத்துக்குப் பெயர் தந்த அவரது நூலின் பெரும்பகுதி, வாரிசுரிமைப் பங்கீடு பற்றிய கணக்குகளால் ஆனது. கணக்கை அவர் வாழ்க்கையிலிருந்து பிரித்து வைக்கவில்லை. பிரித்தவர்கள் பின்வந்த நாமே.

நம் நாட்டிலும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகள், முனைவர் பட்ட மாணவர் குறைந்தது 12 அலகுகள் பாடம் பயில வேண்டும் என்கின்றன. அவ்வலகுகளில் ஒரு பகுதியைக் கணக்குக்கும் கணிப்பொறிக்கும் ஒதுக்குவது இயலாத செயலன்று. ஆய்வு மையங்களை நடத்தும் பெரியோர்கள் இதனைக் கருதிப் பார்க்க வேண்டும். ஆய்வுக்களம் புகவிருக்கும் மாணவச் செல்வங்களோ விதிகள் மாறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த துறையின் வகுப்பறைக் கதவைத் தட்டி, பின்வரிசையில் அமர்ந்து கேட்பதற்கு எவர் தடை சொல்வார்? தம் விடைக்குத் தாமே பொறுப்பேற்கும் ஆய்வாளர்களையே நாளைய உலகம் நம்பும்.