"உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?"

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கிறவர்கள் வாய்விட்டுக் கேட்கத் தயங்குகிற கேள்வி ஒன்று உண்டு. பிள்ளை விளையாடப் போகிற வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, இருந்தால் பூட்டி வைத்திருக்கிறார்களா என்பதுதான் அது. நாய் கடிக்குமா என்று கேட்கலாம். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி வைக்கலாம். யாரும் தப்பாக நினைப்பதில்லை. இதைக் கேட்டால் மட்டும் எதிரில் நிற்பவர் முகம் மாறிவிடுகிறது. கேளுங்கள் என்று குழந்தை மருத்துவர்களே சொல்கிறார்கள், நானும் கேட்கிறேன். ஆனால் ஏதோ குற்றம் செய்தவள்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்க வேண்டியிருக்கிறது. அதே மனிதர்கள் விமான நிலையத்தில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஸ்கேனருக்குள் நிற்கும்போது முகம் சுளிப்பதில்லை. "பாதுகாப்புக்குத்தானே" என்கிறார்கள். இது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

2001 டிசம்பரில், பாரிஸிலிருந்து மயாமிக்குப் பறந்த விமானத்தில் ஒருவன் காலணிக்குள் மறைத்திருந்த வெடியைப் பற்றவைக்கப் பார்த்தான். சக பயணிகள் அமுக்கிப் பிடித்துவிட்டார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை. அவனுக்குப் பிறகு, ஆண்டுக்கணக்கில் பயணிகள் வரிசையில் நின்று காலணியைக் கழற்றினார்கள். 2025 ஜூலையில்தான் அந்த விதி போனது. அந்தச் சோதனையை நான் குறை சொல்லவில்லை. ஆபத்து என்று மனதில் பட்டுவிட்டால் இந்த நாட்டால் எத்தனை செய்ய முடிகிறது! துப்பாக்கி விஷயத்தில் மட்டும் எங்களால் முடியாது என்றால் எப்படி நம்புவது?

2013 ஏப்ரல் மாதத்தில் ஒரு வாரத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. 15ஆம் தேதி பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்து மூன்று பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் காயப்பட்டார்கள். 19ஆம் தேதி, குண்டு வைத்துவிட்டுத் தப்பியோடியவனைத் தேடுவதற்காக ஒரு பெருநகரமே கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தது. பேருந்து இல்லை, ரயில் இல்லை, கடை இல்லை. இரண்டுக்கும் நடுவில், 17ஆம் தேதி, வாஷிங்டனில் செனட் கூடியது. நான்கு மாதத்துக்கு முன்புதான் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். கண்காட்சிகளிலும் இணையத்திலும் துப்பாக்கி வாங்குகிறவர்களின் பின்னணியையும் விசாரிக்க வேண்டும் என்பதுதான் அன்றைய தீர்மானம். ஆதரவு 54, எதிர்ப்பு 46. 60 வாக்கு வேண்டும் என்பதால் தோற்றது. அந்த ஆண்டு துப்பாக்கியால் இறந்தவர்கள் 33,636 பேர். நாளொன்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல். அவர்களுக்காக எந்த நகரமும் ஒரு மணி நேரம்கூட நின்றதில்லை.

எது அதிகம் கொல்கிறது என்று கணக்குப் பார்த்து மனிதர்கள் பயப்படுவதில்லை என்று பால் ஸ்லோவிக் போன்ற உளவியலாளர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். தன் கையில் இல்லாத ஆபத்தும், ஒரே நேரத்தில் பலரைக் கொல்கிற ஆபத்தும்தான் நம்மை உலுக்குகின்றன. தினமும் ஒவ்வொருவராகச் சாவது பழகிவிடுகிறது. அந்தப் பயமே ஆளைக் கொல்லும் என்பதும் தெரிந்ததுதான். 2001 செப்டம்பர் 11 தாக்குதல்களுக்குப் பிறகு விமானத்துக்குப் பயந்து காரில் போனவர்களில் ஓராண்டுக்குள் சுமார் 1,500 பேர் கூடுதலாகச் சாலையில் இறந்திருக்கலாம் என்று உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் கணக்கிட்டார்.

எல்லாவற்றையும்விட என்னை அலைக்கழிப்பது வேறு. துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். 2023இல் இறந்த சுமார் 46,700 பேரில் 27,000க்கும் மேற்பட்டவர்கள் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். இவர்கள் செய்தியில் வருவதில்லை. திருடனுக்குப் பயந்து வாங்கிவைத்த துப்பாக்கியை, ஒரு கெட்ட இரவில், அந்த வீட்டுப் பிள்ளையே எடுக்கிறது. மனம் உடைந்த பலருக்கு அந்த வேகம் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தணிந்துவிடும், பிறகு வாழ்ந்துவிடுவார்கள். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் பிழைப்பது அரிது. ஒரு பூட்டு போதும், சாவி வேறொருவரிடம் இருந்தால் போதும். இதற்காகத்தான் நான் வீட்டுக்கு வீடு கேட்கிறேன். கேட்டால் கோபித்துக்கொள்கிறார்கள்.

சரி, தீவிரவாதத்தின் மீதாவது பயம் உண்மையானதா? தீவிரவாதிகள் என்று சந்தேகிக்கப்படுபவர்களின் கண்காணிப்புப் பட்டியல் ஒன்று அரசிடம் இருக்கிறது. அதில் பெயர் இருப்பது மட்டுமே துப்பாக்கி வாங்கத் தடையாகாது. 2004 முதல் 2014 வரை அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் 2,233 முறை வாங்க முயன்றதில் 2,043 முறை அனுமதி கிடைத்தது என்று அரசின் தணிக்கை அலுவலகமே சொன்னது. பட்டியலில் தவறான பெயர்களும் உண்டு என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதே அரசு, சந்தேகத்தின் பேரில் ஒருவரை விமானத்தில் ஏறவிடாமல் தடுக்கும்போது இந்த வாதம் இத்தனை உரக்கக் கேட்பதில்லையே! 2015 டிசம்பர் 2இல் சான் பெர்னார்டினோவில் 14 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தீவிரவாதத் தாக்குதல் அது. பட்டியலில் உள்ளவர்களுக்குத் துப்பாக்கி விற்பதைத் தடுக்கும் திருத்தம் மறுநாளே செனட்டுக்கு வந்தது, 45க்கு 54 என்று தோற்றது. அடுத்த ஜூனில் ஆர்லண்டோவில் 49 பேர் கொல்லப்பட்டார்கள். எட்டாம் நாள் மறுபடி வாக்கெடுப்பு நடந்தது. மறுபடியும் தோற்றது.